ஜொஹரா பீவியின் சக்களத்தி

ஜொஹரா பீவியோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது ஒரு வெள்ளைக் கோட்டால். புதுச்சேரி மருத்துவப் பள்ளியில் தேறி, வில்லியனூர் தர்மாஸ்பத்திரியில் நான் வேலையேற்ற மாதம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து. பண்டசோழநல்லூரில் எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என்னைவிட என் அப்பாதான் அதை ஊருக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவார். "டாக்டருன்னா கோட்டு வோணும்டா. இல்லாங்காட்டி கம்பவுண்டருன்னு நெனச்சிக்கினு பொட்டலம் மடிக்கச் சொல்லிடுவானுங்க" என்று சொல்லி, என்னை மேல வீதியில் அப்துல் கனியின் ஜவுளிக் கடைக்கு அவரே அழைத்துப் போனார்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு நீலத் திரை. அப்துல் கனி மெலிந்த மனிதர். எதையும் அவசரமில்லாமல் சொல்வார். என் தோளையும் கையையும் அளந்துவிட்டு, "வூட்லதான் தைக்கிறாங்க, நல்லாருக்கும்" என்றார்.

சொன்ன தேதியில் போனேன். கோட்டு தயாராக இருந்தது. போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றபோது, எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. காலர் அத்தனை கச்சிதமாகத் திரும்பியிருந்தது. அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏங்க, நசீரா அத்தா."

"ம்" என்றார் அப்துல் கனி. நசீரா அவர் மகள், அத்தா என்றால் அப்பா.

"அந்தக் கோட்டு ஆரு தச்சது?"

"நீதான் தச்ச."

"தோ, கேலி பண்ணாதீங்க. எனக்கு ஊசில நூல் கோத்து பொத்தான் வெக்கத் தெரியும். கோட்டு தைக்கத் தெரியுமா? காலரு திருப்பினவ கெட்டிக்காரி. சின்ன வயசா அவ?"

அப்துல் கனி என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "பாகூர்ல ஒரு கெழவி தைக்கிறா" என்றார்.

"கெழவி கண்ணுக்கு இம்மாம் பொடி தையல் வருதா? நல்ல கெழவியா புடிச்சீங்க."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே தையல் மிஷின் ஓட ஆரம்பித்தது. தடங்கல் இல்லாத ஓட்டம். கேள்வி கேட்டவரே அதை மிதித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்த வீட்டில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள், கணவன் மனைவிக்குள் ஏதோ தகராறு, நமக்கேன் வம்பு என்று கிளம்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆரோக்கியம் என் கோட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மாதா கோயில் தெரு அம்மாள். ஊரில் அவருக்குத் தெரியாத வீடு கிடையாது, அவர் வாய்க்குப் பயப்படாத ஆளும் கிடையாது. "ஜொஹரா பீவி கை" என்றார் உடனே. நான் கேட்டதைச் சொன்னேன். ஆரோக்கியம் சிரித்தார். "அந்த வூட்ல ஒரே பொம்பளதான் டாக்டரே. அவங்கதான் தைக்கிறாங்க, அவங்கதான் ஆரு தச்சதுன்னு கேக்குறாங்க. சும்மா இல்ல, வெகு நாளா நடக்குது."

பிறகு அவர் மூலமாகவும் அப்துல் கனி மூலமாகவும் முழுக் கதையும் தெரிந்தது.

ஜொஹரா பீவி பரங்கிப்பேட்டையில் பிறந்தவர். கருவாட்டு வியாபாரக் குடும்பம். கல்யாணமாகி வில்லியனூருக்கு வந்து, நசீரா என்று ஒரு பெண் பிறந்து, அவளுக்கு ஐந்து வயதாகும்வரை எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு மழைக்காலத்தில் மூளைக் காய்ச்சல் கண்டது. பிழைத்தால் பெரிய விஷயம் என்றார்கள். பிழைத்தார். எழுந்து உட்கார்ந்து கணவரைப் பெயர் சொல்லாமல் கூப்பிட்டார், மகளை மடியில் போட்டுக்கொண்டார், பிறந்த வீட்டுக் கிணற்றில் ஆமை கிடந்த கதையைச் சொன்னார். காய்ச்சலுக்கு முந்தைய வாழ்க்கை அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு நடந்த எதுவும் தங்கவில்லை. காலையில் வந்த விருந்தாளி கொல்லைப்புறம் போய்த் திரும்பினால் புது விருந்தாளி.

இதைத் துக்கக் கதையாகச் சொல்லலாம். ஆனால் அந்த வீட்டில் அது அப்படி இல்லை. நசீரா ஒவ்வொரு நாளும் விழித்ததும் தாய் ஆச்சரியப்படுவார். "அல்லாவே, ராத்திரியில இம்மாம் வளந்துட்டியா நீ? இன்னாடி தின்ன?" அந்தப் பெண்ணுக்கு வளர்வதே தினமும் ஒரு வெற்றியாக இருந்தது. கதவோரம் நின்று, "இன்னும் கொஞ்சம் பாரும்மா, இந்தப் பக்கமும் வளந்துருக்கேன்" என்று திரும்பித் திரும்பிக் காட்டுவாள்.

மிஷின் வந்தது காய்ச்சலுக்குப் பிறகு. கடையில் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர் புதுச்சேரிக்குப் போய்விட்டார். மிஷின் கூடத்திலேயே கிடந்தது. ஒருநாள் ஜொஹரா பீவி விளையாட்டாக உட்கார்ந்து மிதித்தார். சக்கரம் பின்பக்கம் சுற்றி நூலை அறுத்தது. மறுநாள், "இது ஆருது மிஷினு?" என்று கேட்டு, முதல் தடவையாகப் பார்க்கிறவர் போல மறுபடியும் உட்கார்ந்தார். மறுபடியும் நூல் அறுந்தது. ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, தெருவுக்குப் போய் வழி மறக்காமல் இருப்பாரே என்று அப்துல் கனி கந்தல் துணியைக் கொடுத்து விட்டுவிட்டார். தினமும் அந்த மிஷின் அவருக்குப் புதுசு. ஆனால் சக்கரம் பின்னால் சுற்றுவது மெல்ல நின்றது. தையல் நேரானது. கை வைத்த ரவிக்கை வந்தது. பிறகு குழந்தைச் சட்டை, குப்பாயம், கடைசியில் என் கோட்டு. மேல வீதியில் கல்யாண ரவிக்கை என்றால் ஜொஹரா பீவி என்று ஆகிவிட்டது. அவருக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

போய்ச் சேராததோடு போயிருந்தால் பரவாயில்லை. கொடியில் தொங்கும் துணிகளைப் பார்ப்பார், தையலைத் தடவுவார், இத்தனை அழகாகத் தைக்கிற ஒருத்தி இந்த வீட்டில் புழங்குகிறாள் என்ற முடிவுக்குத் தினமும் புதிதாக வருவார். ஆரம்பத்தில் அப்துல் கனி உண்மையைச் சொல்லிப் பார்த்தார். "என்னை லூசுன்னு நெனச்சிக்கினீங்களா?" என்று சண்டை வந்தது. அதனால் பாகூர்க் கிழவியைப் படைத்தார். கிழவி சில நாள் விதவை, சில நாள் ஊமை, ஒருநாள் கரையாம்புத்தூருக்குக் குடிபோனவள். எதைச் சொன்னால் என்ன, நாளைக்கு நினைவிருக்கப் போகிறதா?

எனக்கு இது பெரிய புதிராக இருந்தது. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டியில்லை, ஒன்றின் முனைக்கும் அடுத்ததன் முனைக்கும் நடுவே மிக நுண்ணிய இடைவெளி இருக்கிறது, அதற்குச் சினாப்ஸ் என்று பெயர் என எங்கள் பிரெஞ்சுப் பேராசிரியர் பாடம் எடுத்திருந்தார். ஒரு சேதி அந்த இடைவெளியைத் திரும்பத் திரும்பத் தாண்டினால் தாண்டுவது சுலபமாகிறது, படிப்பு என்பதே அதுதான் என்று சிலர் எண்ணுகிறார்கள், இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை என்றும் சொன்னார். ஆனால் நினைவு என்பதை நான் ஒரே பெட்டியாகத்தான் நினைத்திருந்தேன். பெட்டி உடைந்தால் எல்லாம் போக வேண்டும். இங்கே ஒருவருக்கு நேற்று மிஷினைத் தொட்டதே நினைவில்லை. தொடத் தொடத் தையல் மட்டும் நேராகிறது. அப்படியானால் பெட்டிகள் எத்தனை?

அப்துல் கனியிடம் இந்த இடைவெளிச் சமாச்சாரத்தைச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்து யோசித்தார். "அப்போ ஒரு பக்கத் தையல் பிரிஞ்சிருச்சி, இன்னொரு பக்கம் நிக்குது. அவ்ளோதானே டாக்டரே? அத்த ஏன் இம்மாம் சுத்தி வளைக்கிறீங்க?"

வைத்தியம் என்று என்னால் செய்ய முடிந்தது ஒன்றே: வாரம் ஒரு சத்தூசி. திரைக்கு வெளியே அவர் இடது கையை நீட்டுவார், போடுவேன். பலன் ஒன்றுமில்லை. வேறொன்று நடந்தது. அடுத்தடுத்த வாரங்களில் நான் போய்ப் பேச ஆரம்பித்ததும், "யாரு வந்திருக்கறது? நான் பாத்ததே இல்லையே" என்பார். ஆனால் திரையின் ஓரத்தைப் பிடித்திருந்த அந்த இடது கை சட்டென்று உள்ளே போய்விடும்.

"கைய நீட்டும்மா, நாடி பாக்கணும்."

"மாட்டேன்."

"ஏன்?"

"தெரியல. உங்க கொரலு எனக்குப் புடிக்கல. தப்பா எடுத்துக்காதீங்க."

கூட வந்திருந்த ஆரோக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். நான் ஊசியை அன்றோடு நிறுத்தினேன். அதன் பிறகு போகும்போதெல்லாம் பேரீச்சம்பழம் வாங்கிப்போய், பேச ஆரம்பித்ததும் திரைக்குக் கீழே நீட்டுவேன். முதலில் நசீராதான் எடுத்துக்கொண்டாள். சில மாதங்களில், "யாரு வந்திருக்கறது?" என்ற அதே கேள்வியோடு, அந்த இடது கை தானாகத் திரைக்கு வெளியே வந்து உள்ளங்கையை விரித்தது. எதற்காக விரித்தோம் என்று அந்தக் கைக்கு உரியவருக்குத் தெரியாது. நான் அன்றைக்கு அப்துல் கனியின் கடையில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். பேராசிரியரிடம் போய்ச் சொன்னபோது அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்து, எல்லாவற்றையும் இரண்டாம் தடவை கேட்டார்.

இப்படி இருக்கையில்தான் அண்ணன் ஹமீது பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தார்.

ஹமீது நல்ல மனிதர். காக்கா என்று கூப்பிடும் தங்கை என்றால் உயிர். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும். போன தடவை வந்தபோது ஜொஹரா பீவி மிஷினோடு மல்லாடிக்கொண்டிருந்த காலம். ஏதோ பொழுதுபோக்கு என்று போய்விட்டார். இந்தத் தடவை காலை ரயிலில் இறங்கி வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவவில்லை, தங்கை அழுகிறார்.

"காக்கா, இந்த மனுசன் ஒருத்திய வச்சிருக்காரு."

"என்ன புள்ள சொல்ற?"

"கொடியில பாரு. அந்த வெல்வெட்டு ஜாக்கெட்ட பாரு. இம்மாம் நேர்த்தியா தைக்கிறவ ஒருத்தி இந்த வூட்டுக்கு வந்து போறா. நான் தூங்கறப்ப வர்றாளோ இன்னாவோ. எனக்கு ஒண்ணியும் தெரிய வுட மாட்டேங்குறாரு."

ஹமீது மச்சானைப் பார்த்தார். அப்துல் கனி பழக்க தோஷத்தில், "பாகூர்ல ஒரு கெழவி தைக்கிறா" என்றார்.

சாப்பிட்ட பிறகு கடைப்பக்கம் தனியாகக் கூப்பிட்டு, "யாரு மச்சான் அந்தக் கெழவி? எந்தத் தெரு? நான் போய்ப் பாக்குறேன்" என்று ஹமீது கேட்டார். அப்துல் கனி, "கெழவியும் இல்ல, கொமரியும் இல்ல. ஜொஹராதான் தைக்கிறா" என்றார்.

ஒரே காலையில், ஒரே ஆளிடம், இரண்டு பதில். மறக்கிற மனைவியோடு வாழ்ந்து வாழ்ந்து, மற்றவர்கள் மறக்க மாட்டார்கள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

ஹமீது குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்று அப்துல் கனி பிறகு சொன்னார். "மச்சான், நீங்க யார வேணா வச்சுக்குங்க. என் தங்கச்சிய நான் கூட்டிப்போறேன். தெக்கே ஒரு தர்காவுல இந்த மாதிரி ஜின் புடிச்சவங்கள வெச்சுப் பாக்குறாங்க. கால்ல சங்கிலி போட்டு உக்கார வைப்பாங்க, இறங்குற வரைக்கும். நசீரா இங்கயே இருக்கட்டும். தாயை அப்படிப் பாத்தா புள்ள தாங்காது. சாயங்கால ரயிலுக்குக் கிளம்புறோம்."

அப்துல் கனி செருப்பில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். காத்திருந்த நோயாளிகளைக் கம்பவுண்டரிடம் விட்டுவிட்டு, நானும் ஆரோக்கியமும் போனோம். வழியில் அவர் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "சங்கிலி போட்டா, தெனம் காலையில அது புதுசா இருக்குமே அவளுக்கு. தெனம் புதுசா கேப்பாளே டாக்டரே, ஏன் கட்டியிருக்கீங்கன்னு."

ஹமீது எங்களை மரியாதையாகவே உட்காரச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "டாக்டர் தம்பி, படிச்சவரு சொல்றீங்க. ஒரு தடவை கண்ணால பாத்துட்டா நான் பேசாம போயிடுறேன். என் தங்கச்சி அந்த மிஷின்ல தச்சுக் காட்டட்டும்."

நியாயமான கேள்வி. அப்துல் கனி உற்சாகமாக உள்ளே போய், "ஜொஹரா, காக்காவுக்கு மிஷின்ல தச்சுக் காட்டு" என்றார்.

"எனக்குத் தெரியாது."

"தெரியும்டி. உக்காரு."

"அவ மிஷின்ல நான் ஏன் உக்காரணும்? தச்சவளையே கூப்பிடுங்க, வந்து காட்டட்டும்!"

எத்தனை கெஞ்சியும் அசையவில்லை. நசீரா அழ ஆரம்பித்தாள். ஹமீது எழுந்து தங்கையின் துணிகளை மூட்டை கட்டச் சொன்னார்.

அந்த நேரத்தில் எனக்கு உறைத்தது. தெரியுமா என்று கேட்டால் அவர் பதிலை எங்கே தேடுவார்? உடைந்துபோன பெட்டியில். அங்கே தையல் இல்லை. வேலையைக் கையில் கொடுத்தால்தான் அது வரும். அதற்குமுன் இந்தச் சண்டை அவருக்கு மறக்க வேண்டும். அது ஒன்றும் கஷ்டமில்லை. அவரைப் பொறுத்தவரை எந்தச் சண்டைக்கும் ஆயுசு குறைவு. கொடியில் தொங்கும் துணிகள்தான் அதை மறுபடியும் மறுபடியும் உயிர்ப்பித்துக்கொண்டிருந்தன.

"பாய், கொடியில இருக்கற துணி எல்லாத்தையும் கடைக்குக் கொண்டாந்துடுங்க" என்றேன் மெதுவாக. "மிஷின் பேச்சை யாரும் எடுக்காதீங்க. ஹமீது பாய், ரயிலுக்கு நேரம் கிடக்கு. தங்கச்சியாண்ட ஊர்க் கதை பேசிக்கிட்டு இருங்க."

ஹமீது என்னை விநோதமாகப் பார்த்தாலும் உட்கார்ந்தார். பரங்கிப்பேட்டையைப் பற்றிப் பேசினார். உம்மா கருவாட்டுக்கு உப்பு கூடப் போட்டுவிட்டதை, கிணற்று ஆமை இன்னும் உயிரோடு இருப்பதை. ஜொஹரா பீவியின் குரல் தெளிந்தது. "அந்த ஆமைக்கு வயசு இன்னா இருக்கும் காக்கா?" என்று சிரிக்கிற சத்தம் வந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. ஆரோக்கியம் உள்ளே போய் நின்று ஹமீதின் தோளைப் பார்த்தார். ரயில் கதவின் கொக்கியில் மாட்டி அவருடைய ஜிப்பா தோளில் கிழிந்திருந்தது.

"ஏம்மா," என்றார் ஆரோக்கியம், "பொறந்த வூட்டு ஆம்பள கிழிசலோட திரும்பிப் போனா, வில்லியனூர்ல தங்கச்சிக்கு ஊசி நூல் வாங்கக்கூட வக்கில்லன்னுல்ல பரங்கிப்பேட்டையில பேசுவாங்க?"

"அய்யே! ஆமாம்! கயட்டு காக்கா அத்த!"

நான் கடைப்பக்கம் நின்றிருந்தேன். அப்துல் கனி திரையை ஒரு சாண் விலக்கினார். எனக்குத் தெரிந்தது மிஷினின் சக்கரமும் மிதிகட்டையும் இரண்டு பாதங்களும்தான். ஜொஹரா பீவி ஊசியைத் தேடிக்கொண்டு வந்தவர், வெளிச்சமுள்ள இடம் என்று மிஷின் பக்கம் வந்தார். அண்ணனோடு பேச்சு ஓயவில்லை. "அப்போ சின்னம்மா மவளுக்கு எங்க குடுத்தாங்க? நாகூருக்கா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். பாதம் மிதிகட்டையில் ஏறியது. ஒரு கை சக்கரத்தை முன்பக்கம் ஒரு தட்டுத் தட்டியது. டகடகவென்று ஓடியது மிஷின். நடுவில் நின்றது, துணி திரும்பியது, மறுபடி ஓடியது.

"மாப்பிள்ளை இன்னா பண்றாரு?"

சக்கரம் இன்னும் ஒரு சுற்று ஓடி நின்றது.

"காக்கா, கேக்குறேன்ல? மாப்பிள்ளை இன்னா பண்றாரு?" நூலைப் பல்லால் கடித்துத் துப்புகிற சத்தம் கேட்டது. "இந்தா, போட்டுக்க. இன்னா அப்படிப் பாக்குற?"

"புள்ள," என்றார் ஹமீது. "நீ மிஷின்ல தச்சுட்ட."

நான் வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். ஹமீது ஜிப்பாவைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "பாத்தீங்களா டாக்டர் தம்பி? பேச்சு எங்கிட்ட, கை அங்க. அவ பாக்கக்கூட இல்ல. இது என் தங்கச்சி தைக்கல. உள்ள இருக்குறது தைக்குது. நான் சந்தேகமாத்தான் வந்தேன், இப்ப நிச்சயமாயிடுச்சு. ஜின்தான்."

கண்ணால் பார்த்த அத்தாட்சி அப்படியே தலைகீழாகத் திரும்பிவிட்டது. சினாப்ஸைப் பற்றி இவரிடம் எப்படிப் பேசுவது?

அப்துல் கனி கடை மூலையிலிருந்த தகரப் பெட்டியை இழுத்தார். ஜொஹரா பீவி ஆரம்பத்தில் தைத்து விற்க முடியாமல் போன துணி, மிஷின் துடைக்கப் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் விரித்தார். ஒரு ரவிக்கைக்கு இரண்டும் இடது கை. ஒன்றில் தையல் தென்னமரத்தில் ஏறுகிற ஓணான் மாதிரி போயிருந்தது. ஒன்றில் கழுத்தே இல்லை.

"காக்கா," என்றார். "ஜின்னுக்கு நம்மளவிட சக்தி அதிகம்னு நானும்தான் ஓதியிருக்கேன். அது தைக்கறதா இருந்தா மொத நாளே நல்லா தைச்சிருக்கும் இல்ல? இது எந்த ஊரு ஜின்னு காக்கா, ரெண்டு எடது கை வெச்சு தைச்சுது? நூல அறுத்துக்கினு, வெரல்ல குத்திக்கினு, ஒரு வருசமா கத்துக்கிச்சி? கத்துக்கறது மனுசந்தானே?"

ஹமீது அந்த இரண்டு இடது கை ரவிக்கையைத் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். "சின்ன வயசுல எனக்குக் குல்லா பின்னுறேன்னு ஆட்டுக்குட்டி தலைக்குப் பின்னுனா" என்றார். "அவதான். இது அவதான்."

சிரிப்பைக் கேட்டு ஜொஹரா பீவி உள்ளே இருந்து, "இன்னா அங்க?" என்றார். துணிகளையும் ஜிப்பாவையும் ஆரோக்கியம் உள்ளே கொண்டுபோய்ப் பாயில் கொட்டினார். அவற்றைப் பார்த்ததும் ஜொஹரா பீவிக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. கை தானாக அவற்றைப் பிரித்து வரிசைப்படுத்தியது. "இத தச்சவ கையில ரெண்டு போடணும். இது அதுக்கப்புறம் தச்சது, மடிப்பு வந்துருக்கு பாரு. இதுல கொஞ்சம் புத்தி வந்துருச்சு." கடைசியில் அண்ணனின் ஜிப்பாத் தோளுக்கு வந்தார். "இது நல்லாருக்கு. எல்லாம் ஒரே கைதான். ஆரு இவ?"

"நீதான் புள்ள" என்றார் ஹமீது. "என் கண்ணால பாத்தேன். வல்லாஹி."

கணவர் சொன்னால் கேலி என்பார். காக்கா சத்தியம் செய்தால் பொய் இருக்காது. ஜொஹரா பீவி தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார் என்று ஆரோக்கியம் சொன்னார். பிறகு திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அப்படியொரு சிரிப்பை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

"அப்போ இத்தினி நாளும் எனக்கு நானே சக்களத்தியா? ஏங்க, நசீரா அத்தா! உங்கள இன்னா பேச்சு பேசினேனோ தெரியலயே!"

"ஒண்ணும் பேசல" என்றார் அப்துல் கனி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாகூர்க் கெழவியதான் ஏசின."

"எந்தக் கெழவி?"

ஹமீது சாயங்கால ரயிலில் தனியாகப் போனார், தைத்த ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு.

ரயில் புறப்படுவதற்குள் ஜொஹரா பீவிக்கு எல்லாம் மறந்திருந்தது. மறுநாள் கொடியைப் பார்த்து, "ஆரு தச்சது?" என்று கேட்டார். ஆனால் அப்துல் கனி கிழவியை அன்றோடு ஊரைவிட்டு அனுப்பிவிட்டார். மனைவி கேட்கிறபோதெல்லாம் அவர் கையை எடுத்துத் துணிமேல் வைத்து, "இந்தக் கை" என்பார். "போங்க, பொய்" என்பார் அவர். ஒரு தடவைகூட நம்பியதாக எனக்குத் தெரியவில்லை. இருந்தும் மாதங்கள் போகப் போகக் கேள்வியில் கோபம் கரைந்தது. பிறகு அது கேள்வியாகவே இல்லை. துணியைத் தடவி, "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். சேதி தங்காத மனத்தில் நிம்மதி தங்க முடியும் என்பதை எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. பேராசிரியர் பிரான்சுக்குத் திரும்பும்போது இந்தக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப்போனார். அங்கே யாராவது படித்தார்களா என்று தெரியாது. யுத்தம் வந்துவிட்டது.

இப்போது நாற்பத்தாறாம் வருஷம். ஜொஹரா பீவி மேல வீதியில் அதே வீட்டில் இருக்கிறார். உடம்பு நன்றாக இருக்கிறது. காய்ச்சலுக்குப் பிந்தைய நினைவு எதுவும் திரும்பவில்லை. நசீராவைத் தவளக்குப்பத்தில் ஒரு மளிகைக் கடைக்காரருக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கல்யாண உடுப்பு முழுவதும் தாய் தைத்தது. அப்துல் கனி இரண்டாவது மிஷின் வாங்கி, எம்பிராய்டரி நூலும் சட்டமும் கொண்டுவந்து வைத்திருக்கிறார். போன வாரம் நான் போயிருந்தபோது ஜொஹரா பீவி அதில் ரோஜாப்பூ போட்டுக்கொண்டிருந்தார். இதழ்கள் இன்னும் கோணலாகத்தான் வருகின்றன.